நல்லா யோசிச்சே

முதல் அறிக்கையில் அறுபத்தொன்று என்று போட்டிருந்தது.

கல்கத்தா மெட்ரோவில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் என் மகள் அனன்யா, எதிர் இருக்கைக்காரரின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏழு வயது. அவளுடைய அறிவு அறுபத்தொன்று. நூறு என்றால் சராசரி. எண்பத்தைந்துக்குக் கீழே போனால் சாதாரண வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளி முதல்வர் சொல்லியிருந்தார்.

கட்டைகளை அடுக்கும் பகுதியில் நன்றாகவே வாங்கியிருந்தாள். வாய்மொழிப் பகுதியில் எல்லாக் கேள்விக்கும் பூஜ்யம். அவள் பேசவில்லை. பேசாத ஒவ்வொரு இடத்திலும் ஒரு பூஜ்யம் போட்டு, கூட்டி, வயதுக்கான அட்டவணையில் பார்த்து இந்த எண்ணை எடுத்திருந்தார்கள்.

நான் மழைக் கணக்கு போடுகிறவன். நியூ டவுனில் ஒரு கன்சல்டன்சியில் வேலை. ஒரு தெருவில் மழை பெய்தால் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு சாக்கடைக்கு ஓடி வரும் என்று கணக்கிட்டுக் குழாயின் அளவைச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் ஒரு தவறு செய்வார்கள். மழைமானியில் இலை அடைத்துக்கொண்டாலும், அதைப் பார்க்கிற ஆள் லீவில் போனாலும் அன்றைய கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிடுவார்கள். பூஜ்யம் என்றால் மழை பெய்யவில்லை என்று அர்த்தம். காலி என்றால் பெய்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த ஊர் வறண்ட ஊர் ஆகிவிடும். சின்னக் குழாய் போட்டுவிடுவார்கள்.

இதை முதல்வரிடம் போய்ச் சொன்னேன்.

"மிஸ்டர் ஸ்ரீநாத், இது குழந்தை. சாக்கடைக் குழாய் இல்ல," என்றார்.

"அதேதான் மேடம் நானும் சொல்றேன். அவ பதில் சொல்லல. தெரியலன்னு அர்த்தமில்ல."

"பத்து மாசமா கிளாஸ்ல வாயே திறக்கல. டீச்சர் என்ன பண்ணுவாங்க? உங்க நிலைமை எனக்குப் புரியுது. பூஜா லீவுக்கு முன்னாடி வேற எங்கயாவது இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. நம்பர் வந்தா வச்சுக்கறோம். வரலைன்னா அவளுக்குன்னு இருக்கிற ஸ்கூலுக்கு மாத்திடுங்க. அவளுக்கும் அதுதான் நல்லது."

அவர் கொடுமைக்காரர் இல்லை. மேஜையில் அனன்யாவுக்காக ஒரு சாக்லெட் எடுத்து வைத்திருந்தார். அவள் அதைத் தொடவில்லை.

அனன்யா பேச்சை நிறுத்தியது கல்பனா இறந்த அன்று.

கல்பனா என் மனைவி. பொன்மலை ரயில்வே காலனிப் பெண். என் அப்பா கரக்பூரில் ரயில்வே. அப்படித்தான் சம்பந்தம் வந்தது. மனோதத்துவம் படித்தவள். குழந்தைகளின் அறிவை அளப்பது அவளுடைய தொழில். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, போன வருடம் மழைக்கால முடிவில், சமையலறையில் இறந்தாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். பள்ளிக்கு லீவு. சித்தி என்கிற அர்த்தத்தில் நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்கச் சாயங்காலம் மேலே வந்தபோதுதான் பார்த்திருக்கிறார். கல்பனா சிவப்பு சிமெண்ட் தரையில் படுத்திருந்தாள். தலைக்குக் கீழே தலையணை. பக்கத்தில் டம்ளரில் தண்ணீர். அனன்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

விழும்போதே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்திருந்தாலும் இதேதான் என்றார். வேறொரு டாக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

எனக்கு அந்தத் தலையணை ஓர் ஆறுதலாக இருந்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்திருக்கும், போய்த் தலையணையை எடுத்துவந்து, கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று தரையில் படுத்திருப்பாள். தூக்கம் போல வந்திருக்கும். விழுந்திருக்க மாட்டாள். டாக்டர் சொன்னதற்கும் இதற்கும் பொருந்தவில்லை என்று எனக்குத் தெரியும். கணக்கில் பொருந்தாத ஒரு புள்ளியை நான் ஒருபோதும் விட்டதில்லை. இதை விட்டுவிட்டேன். அந்தத் தலையணையை உறைகூட மாற்றாமல் நானே வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

நான் அழவில்லை. அழக் கூடாது என்று இல்லை. வரவில்லை.

காக்கிமாதான் எங்கள் இரண்டு பேரையும் திட்டுவார். "அப்பனும் பொண்ணும் ரெண்டு போஸ்ட் பாக்ஸ். வாய் திறந்திருக்கு, உள்ள போட்டா சத்தமே வர்றதில்ல." அனன்யாவின் கன்னத்தைக் கிள்ளுவார். "ஷோனா, என் தங்கமே, காக்கிமாவை ஒரு கெட்ட வார்த்தையாவது திட்டேன். காது குளிரக் கேட்டுக்கறேன்." அனன்யா பணிவாகச் சிரிப்பாள். அவ்வளவுதான். தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள், சாப்பிடுவாள், படம் வரைவாள். சொல் மட்டும் இல்லை. வீட்டிலும் இல்லை.

கல்பனா வேலை செய்த இடத்துக்குப் போக எனக்கு விருப்பமில்லை. வேறு வழியும் இல்லை. பாலிகஞ்சில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் அந்த மையம். அதை நடத்துகிற சுதேஷ்ணாதி கல்பனாவுக்கு மேலதிகாரி, சண்டைக்காரி, சிநேகிதி. நாங்கள் பெங்காலியில்தான் பேசிக்கொண்டோம்.

அறிக்கையைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "எந்த மொழியில கேட்டாங்க?"

"பெங்காலியிலயும் இங்கிலீஷ்லயும்."

"வீட்டுல?"

"தமிழ்."

"ம். ஊமைன்னு எழுதாம விட்டாங்களே." அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். "கல்பனாவோட கேள்விகள். இதைக் கேக்கறதுக்குன்னு இந்த ஊர்ல இருந்தது அவ ஒருத்திதான்."

துறைமுகம், ரயில்வே, ராணுவம் என்று மாற்றலாகி வருகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்தக் குழந்தைகளை இங்கே பெங்காலியில் அளந்து மந்தம் என்று எழுதிவிடுகிறார்கள் என்பது கல்பனாவின் கோபம். மையத்தில் இருந்த ஒரு சோதனையின் கேள்விகளை அவளே தமிழில் எழுதினாள். அதற்காக சுதேஷ்ணாதியுடன் வருடக்கணக்கில் சண்டை. மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா, சராசரி என்ன என்று தெரிய எத்தனையோ குழந்தைகளிடம் போட்டுப் பார்க்க வேண்டாமா, கல்கத்தாவில் அத்தனை தமிழ்க் குழந்தைகளுக்கு எங்கே போவது என்று அவர் கேட்பார். பெற்றுக்கொடுக்கவா முடியும் என்று கல்பனா கேட்பாள்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நீங்கதான் கேக்கணும்," என்றார் சுதேஷ்ணாதி.

"அப்பா கேக்கலாமா?"

"கூடாது. வேற யார் இருக்கா? அறிக்கையில அதையும் எழுதிடறேன்." விரலை நீட்டினார். "ஒரு விஷயம். சரின்னோ தப்புன்னோ சொல்லக் கூடாது. தலையாட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. அவ ஏதாவது கேட்டா, 'நல்லா யோசிச்சே, அடுத்தது பாக்கலாம்'னு மட்டும் சொல்லணும். சரியா தப்பான்னு சொல்லிட்டீங்கன்னா அதோட முடிஞ்சது. அதுக்கப்புறம் எதுவும் செல்லாது. ஒரு வருஷத்துக்கு மறுபடி வைக்கவும் முடியாது."

"முடியும்."

"முடியும்னு தெரியும். கேவ்ராதலா சுடுகாட்டுல உங்க முகத்தைப் பார்த்தேன். அப்படியே வச்சுக்கங்க, போதும்."

புறப்படும்போது கேட்டார். "கல்பனா இவகிட்ட இதைப் போட்டுப் பார்த்திருக்காளா?"

"கட்டையை வச்சு ரெண்டு பேரும் விளையாடுவாங்க. அதுதானான்னு தெரியல."

"விளையாட்டு!" என்று சிரித்தார். "சொந்தக் குழந்தையை அளக்கக் கூடாதுன்னு முதல் பாடத்துலயே சொல்லிக்கொடுக்கறோம். எல்லாரும் வீட்டுக்குப் போன உடனே அதைத்தான் பண்றோம். என் பையனை நான் மூணு தடவை அளந்தேன். மூணு நம்பர். இப்போ கடன் அட்டை விக்கறான்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கல்பனா பதிலைச் சொல்லியிருக்க மாட்டா. அது நிச்சயம். சொல்லாத வரைக்கும் சோதனை செல்லும்."

சொல்லியிருக்க மாட்டாள்தான். கல்பனாவுக்கு அந்தத் தொழில் வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சட்டை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், "நல்லா யோசிச்சுப் போட்டிருக்கீங்க" என்பாள். வீடு வாங்கலாமா, சென்னைக்கு மாற்றல் கேட்கலாமா, எதற்கும் அதே. முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. பிறகு அது எங்கள் இருவருக்குள் ஒரு கேலியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை போனோம். வெளியே தூறல். சின்ன அறை, தாழ்ந்த மேஜை, மூன்று நாற்காலி. எனக்கு முழங்கால் மேஜையில் இடித்தது. சுதேஷ்ணாதி பக்கவாட்டில் உட்கார்ந்து, விடைத்தாளை ஓர் அட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டார்.

முதலில் கட்டைகள். சிவப்பும் வெள்ளையும். படத்தைக் காட்டினால் அதே போல அடுக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் அனன்யா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மிக வேகமாக அடுக்கினாள். ஒவ்வொன்றையும் முடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இப்படி வைத்துக்கொள்ள யாரோ பழக்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

பிறகு வாய்மொழிக் கேள்விகள். தாளை எடுத்து என் முன்னால் வைத்தார் சுதேஷ்ணாதி. கல்பனாவின் கையெழுத்து. நான் எழுத்தை எழுத்தாக மட்டும் பார்த்தேன்.

"மழை பெய்தால் நனையாமல் இருக்க நீ என்ன செய்வாய்?" என்று வாசித்தேன்.

அனன்யா என்னைப் பார்த்தாள். நெற்றியைச் சுளித்தாள்.

"அம்மா இப்படிக் கேக்காது," என்றாள்.

குரல் கரகரப்பாக இருந்தது. பூட்டியிருந்த அறையைத் திறந்தது போல இருந்தது. சுதேஷ்ணாதியின் பென்சில் நின்றது. என்ன சொன்னாள் என்று அவருக்குப் புரிந்திருக்காது. பேசினாள் என்பது புரிந்தது. நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் முகத்தில் ஏதாவது வந்துவிடும்.

"அம்மா எப்படிக் கேக்கும்?" என்றேன்.

"'இங்க பாரு. மழை வருது. நீ நனையக் கூடாது. என்ன பண்ணுவே?' இப்படிக் கேக்கும்."

அது கல்பனாவின் ஏற்ற இறக்கம். 'நனையக் கூடாது'வில் அந்த அழுத்தம்கூட.

சுதேஷ்ணாதியிடம் பெங்காலியில் சொன்னேன். அவர் தாளின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, மேலே போங்கள் என்று விரலை மட்டும் அசைத்தார்.

"இங்க பாரு," என்றேன். "மழை வருது. நீ நனையக் கூடாது. என்ன பண்ணுவே?"

"குடை பிடிச்சுப்பேன். குடை இல்லன்னா கடைக்குள்ள நிப்பேன். கடைக்கார காக்கு போன்னு சொன்னா நனைவேன்."

"நல்லா யோசிச்சே. அடுத்தது பாக்கலாம்."

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டால்? கண்டக்டரிடம் சொல்வாளாம், ஆனால் முதலில் ஜன்னல் வழியாகக் கத்துவாளாம். கத்தினாலே போதும், பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கடிகாரத்துக்கும் தராசுக்கும் என்ன ஒற்றுமை? ரெண்டுலயும் முள் இருக்கு. இரண்டுமே அளப்பதற்கு என்பது முழு விடை என்று தாளின் ஓரத்தில் கல்பனா குறித்திருந்தாள். முள்ளுக்கு ஒரு மதிப்பெண். நான் பெங்காலியில் சொல்லச் சொல்ல சுதேஷ்ணாதி எழுதிக்கொண்டே போனார்.

"அவங்களும் பேப்பரை மறைச்சுக்கறாங்க," என்றாள் அனன்யா. "அம்மாவும் மறைச்சுக்கும். ஆனா எனக்குத் தெரியும். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு. ரெண்டுதான் நல்லது."

"அடுத்தது பாக்கலாம்."

எனக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. கட்டைக்கு இவ்வளவு, வாய்மொழிக்கு இதுவரை இவ்வளவு. தொண்ணூறைத் தாண்டும். நூறுகூட வரலாம். அவள் அதே பள்ளியில், அதே ஜன்னலோர பெஞ்சில் உட்காருவாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்த எண் வேண்டும்.

அடுத்த கேள்வியை வாசித்தேன். இந்த ஒன்று மட்டும் தாளிலேயே பேச்சுத்தமிழில் இருந்தது, அப்படியே படித்தேன். "வீட்டுல நீயும் ஒரு பெரியவங்களும்தான் இருக்கீங்க. அவங்க திடீர்னு கீழ விழுந்துட்டாங்க. என்ன பண்ணுவே?"

படித்து முடித்த பிறகுதான் எதைப் படித்தேன் என்று தெரிந்தது.

அனன்யா மடியிலிருந்த கையைப் பார்த்தாள். யோசிக்கவில்லை. தெரிந்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"ரூம்லேர்ந்து தலகாணி எடுத்துட்டு வந்து தலைக்குக் கீழ வைப்பேன். டம்ளர்ல தண்ணி கொண்டு வந்து வைப்பேன். சத்தம் போட மாட்டேன். அவங்க எழுந்துக்கற வரைக்கும் பக்கத்துலயே உட்காந்திருப்பேன்."

முழு விடை தாளின் ஓரத்தில் இருந்தது. கதவைத் திறந்து அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட வேண்டும், அல்லது போன் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு. தண்ணீர், தலையணைக்குப் பூஜ்யம்.

தலையணையை எடுத்து வந்தது கல்பனா இல்லை. அவள் விழுந்திருக்கிறாள். சிமெண்ட் தரையில் விழுந்த தலையை ஆறு வயதுக் குழந்தை தூக்கி அடியில் தலையணையைச் செருகியிருக்கிறது. பிறகு மதியம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. சத்தம் போடாமல்.

"அம்மா கேட்டப்பவும் இதான் சொன்னேன்," என்றாள் அனன்யா. "அம்மா நல்லா யோசிச்சேன்னுதான் சொல்லுச்சு. சரியா தப்பான்னு சொல்லல."

நான் தாளிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"அப்பா. சரியா?"

சுதேஷ்ணாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கல்பனாவின் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் பல வருடம் இருந்தவர். 'சரியா' என்கிற இந்த ஒரு சொல்லை எத்தனை குழந்தைகளின் வாயிலிருந்து கேட்டிருப்பாரோ. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். வேண்டாம்.

நான் சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. நல்லா யோசிச்சே. அடுத்தது பாக்கலாம். இன்னும் நாலைந்து கேள்விதான். முடித்துவிட்டு, கீழே இறங்கி, தெருவில் வைத்துச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அவள் பத்து மாதம் காத்திருந்திருக்கிறாள்.

"சரி," என்றேன். "நீ பண்ணினது சரி."

சுதேஷ்ணாதி பென்சிலைக் கீழே வைத்தார்.

அனன்யா என் முகத்தையே பார்த்தாள். "அப்புறம் ஏன் அம்மா எழுந்துக்கல?"

"தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் வெடிச்சுப்போச்சு. விழும்போதே அம்மா செத்துப்போச்சு. அதுக்கப்புறம் யாராலயும் எழுப்ப முடியாது."

"காக்கிமாவைக் கூப்பிட்டிருந்தா?"

"முடியாது."

"உனக்கு போன் பண்ணியிருந்தா?"

"முடியாது."

"டாக்டர் வந்திருந்தா?"

"டாக்டரே சொன்னாரு. முடியாது."

ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, பதில் வந்ததும், ஒரு கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அம்மாவுக்கு வலிச்சுதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் உட்காந்திருந்தது அதுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியல," என்றேன். "எனக்கு அது தெரியல, அனு."

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். கடைசிக் கட்டையையும் வைத்துப் பெட்டியை மூடினாள்.

"அப்போ ரெண்டு மார்க்கா?"

"ரெண்டு."

அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனதும் சுதேஷ்ணாதியிடம் என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"கெடுத்துட்டீங்க," என்றார்.

"தெரியும்."

"இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. தொண்ணூத்தஞ்சு வந்திருக்கும்."

"கணக்குப் போட்டேன்."

"கல்பனாவா இருந்தா சொல்லியிருக்க மாட்டா," என்றார். பிறகு, "நானும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார். இரண்டாவதை அவர் எனக்காகச் சொன்ன மாதிரி இல்லை.

அறிக்கையில், கட்டைகளுக்கான எண்ணை எழுதினார். மொத்த எண் வர வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டார். கீழே, சோதனை இடையில் நின்றது, கணக்கிட முடியாது என்று ஒரு வரி. பூஜ்யம் எதுவும் போடவில்லை.

முதல்வர் அதை இரண்டு முறை படித்தார். "நம்பர் எங்கே?"

"இல்ல மேடம்."

"வரலையா, எடுக்கலையா?"

"எடுக்க முடியல."

"இப்போ பேசறாளா?"

"எங்கிட்ட பேசறா."

அவர் அனன்யாவிடம் குனிந்து, உன் பெயர் என்ன என்று பெங்காலியில் கேட்டார். பிறகு இங்கிலீஷில் கேட்டார். அனன்யா மேஜை மேலிருந்த பூகோள உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைத் தொடவில்லை. சொல்லு என்று சொல்லவில்லை.

"ஐ ஆம் சாரி, மிஸ்டர் ஸ்ரீநாத்," என்றார் முதல்வர். எழுத்தரைக் கூப்பிட்டு மாற்றுச் சான்றிதழ் தயார் செய்யச் சொன்னார். போகும்போது அந்தச் சாக்லெட்டை இந்த முறை அனன்யா எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில், "அந்த மேடம் மூக்குல முடி இருக்கு," என்றாள்.

வேறு பள்ளி தேட வேண்டும். காக்கிமா பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன பெங்காலிப் பள்ளி இருக்கிறது என்றார். அவருடைய அக்கா மகள் அங்கே டீச்சராம். "நம்பர் கேக்க மாட்டாங்க. மீன் சாப்பிடுவாளான்னு கேப்பாங்க," என்றார். போய்ப் பார்க்க வேண்டும். எண்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை என்கிறார்கள். தெரியவில்லை.

பள்ளியிலிருந்து திரும்பிய அன்று மதியம் மழை வலுத்தது. மின்சாரம் போய்விட்டது. வீடு புழுங்கியது. நான் சமையலறைக்குப் போய்ச் சாதம் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. கல்பனா இறந்த பிறகு அந்தத் தரையில் நான் உட்கார்ந்ததில்லை. தாண்டித் தாண்டித்தான் நடப்பேன். உட்கார்ந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. படுத்தேன். தலையின் பின்பக்கம் சிமெண்டில் பட்டது. இவ்வளவு கடினமாகவா இருக்கும் என்று நினைத்தேன்.

எவ்வளவு மழையானாலும் முதலில் பெய்வது ஓடாது. எங்கள் கணக்கில் அதைக் கழித்துவிட்டுத்தான் தொடங்குவோம். இலை நனைய வேண்டும், சுவர் நனைய வேண்டும், பள்ளங்கள் நிரம்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் சாக்கடையில் தண்ணீரின் சத்தம் கேட்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன். கேட்டது. கண்ணின் ஓரத்திலிருந்து ஏதோ காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

காலடிச் சத்தம் வந்து வாசலில் நின்றது. திரும்பிப் போனது.

அவள் என் தலையை இரண்டு கையாலும் தூக்கினாள். பாரமாக இருந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. அந்தத் தலையணையைச் செருகினாள். போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, சிந்தாமல், தரையில் வைத்தாள். பிறகு என் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு எழுந்திருக்க விருப்பமில்லை. உண்மையாகவே இல்லை. இப்படியே கிடக்கலாம் என்றிருந்தது.

கையை ஊன்றினேன். எழுந்து உட்கார்ந்தேன். டம்ளரை எடுத்து முழுவதும் குடித்தேன்.

"எழுந்துட்டே," என்றாள் அனன்யா.

"எழுந்துட்டேன்."

அவள் டம்ளரை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, தலையணையை எடுத்து, ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "உறை அழுக்கா இருக்குப்பா," என்றாள். "மாத்தணும்."